வீரமாமுனிவர் செவியும் தமிழ் அசையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் விருத்தாசலத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விருத்தாசலம் என்னும் பெயரை வெண்பாவில் ஒரு சீராக வைத்தல் இயலாது. 'விருத்' என்பது நிரை. 'தா' என்பது நேர். 'சலம்' என்பது நிரை. நிரை நேர் நிரை புளிமாங்கனி ஆகும். கனிச்சீர் வெண்பாவுக்குப் பகை. ஊரின் பழம்பெயர்கள் இத்தகைய தொல்லையைத் தருவதில்லை. பழமலை என்றால் கருவிளம். முதுகுன்றம் என்றால் புளிமாங்காய். இரண்டும் வெண்பாவில் இனிதே அமரும். வடமொழிப் பெயர் நிலைபெற்ற பின்னர் இவ்வூரை வெண்பாவில் பாடப் புகுந்தோர் வகையுளியின் துணையை நாடினர். அல்லது பழம்பெயருக்கே திரும்பினர். இவ்வட்டத்தின் கவியரங்குகளில் வெண்பா முயன்றோர் அனைவரும் இவ்விடர்ப்பாட்டை அறிவர்.

இதே பெயரை இத்தாலி நாட்டவர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? வி - ருத் - தா - ச - லம் என்று ஐந்தாகப் பிரிப்பார். பிரித்தவுடன் அவர் கேட்கும் முதல் வினா, "இவ்வைந்தனுள் எதனை அழுத்திச் சொல்வது?" என்பதாகும். தமிழ்க் கவிஞர்க்கு அவ்வினா தோன்றுவதே இல்லை. தமிழ்க் கவிஞர் கேட்பது, "இவற்றுள் எவை இணைந்து நிற்கும், எவை தனித்து நிற்கும்?" என்பதே. ஒரே சொல்லின்முன் இருவர் எழுப்பும் இவ்விரு வினாக்களுக்கும் இடையேயுள்ள தொலைவே இவ்வுரையின் பொருள்.

இது கற்பனைப் பொருளன்று. அத்தகைய இத்தாலியர் ஒருவர் இவ்வூருக்கு அண்மையில் வாழ்ந்தார். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் மரியன்னைக்குக் கோயில் எடுத்து, அவ்வன்னைக்குப் பெரியநாயகி என்னும் பெயரைச் சூட்டினார். பழமலைநாதர் கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மையின் பெயரும் பெரியநாயகி என்பதை இவ்வவைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அவர்தாம் வீரமாமுனிவர். தேம்பாவணியின் பகுதிகளைக் கோணான்குப்பத்தில் இருந்து பாடினார் என்பது அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

அவர் 1680 நவம்பர் 8 அன்று வட இத்தாலியில் மாந்தொவா நகரை அடுத்த கஸ்தில்யோனே என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் கோஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி. ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கண்டு பெஸ்சி என்று எழுதுவோர் உளர். இத்தாலியில் அது பெஸ்கி என்றே ஒலிக்கும். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் இந்தியாவுக்குப் புறப்பட்டுவந்து மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தபோது அவருக்கு வயது முப்பது. மொழி ஒன்றைச் செவிவழியே இயல்பாகப் பெறும் பருவம் கடந்து நெடுநாள் ஆகியிருந்தது.

அவருடைய பெயரிலேயே இரு மொழிகளின் பிரிவு முறை வேறுபடுவதைக் காணலாம். பெஸ்கி என்பதைத் தமிழர் பெஸ் - கி என்று பிரிப்பர். தமிழில் ஒற்று எப்போதும் தனக்கு முன்னுள்ள எழுத்தையே சார்ந்து நிற்கும். அது அடுத்த எழுத்தோடு சேர்ந்து அசை தொடங்குவதில்லை. இத்தாலியரோ பெ - ஸ்கி என்று பிரிப்பர். சகர ஒலிக்குப் பின் வேறொரு மெய் வருமாயின் அவ்விரண்டும் பின்னுள்ள உயிரோடு போகும் என்பது அவர்தம் எழுத்து மரபு. பிறந்த ஊரையும் க - ஸ்தி - ல்யோ - னே என்றே பிரிப்பர். ஆனால் மெய் இரட்டித்தால் அவர்களும் தமிழரைப் போலவே இடையில் வெட்டுவர்: மம் - மா, பல் - லா, ஜு - சேப் - பே. இரட்டித்த மெய்யை மெய்யாகவே இரட்டித்து ஒலிக்கும் ஐரோப்பிய மொழிகள் சிலவே. இத்தாலியம் அவற்றுள் ஒன்று. ஆங்கிலேயர்க்குப் படிக்கும் பட்டிக்கும் வேறுபாடு காட்ட நெடுநாள் பிடிக்கும். இத்தாலியர்க்கு அத்தொல்லை இல்லை.

ஆயினும் வேறொரு தொல்லை உண்டு. அது இதனினும் ஆழமானது.

இத்தாலியச் சொல் ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் அழுத்தம் பெறும். கடைசி ஒலியசை அழுத்தம் பெற்றால் அச்சொல்லை 'வெட்டுண்ட சொல்' என்பர். ஈற்றயலசை பெற்றால் 'சமநிலச் சொல்'; அதற்கும் முன்னது பெற்றால் 'வழுக்குச் சொல்'. இவை அவர்கள் இலக்கணத்தில் வழங்கும் பெயர்களின் பொருள். நகரம் என்னும் பொருளுடைய 'சித்தா' வெட்டுண்ட சொல். இலத்தீனில் நீண்டிருந்த சொல் வால் அறுபட்டு நின்றமையால் அப்பெயர் அதற்கு மிகப் பொருந்தும். பெரும்பாலான சொற்கள் சமநிலச் சொற்கள். வழுக்குச் சொல்லுக்கு இவ்வூருக்கு உரிய எடுத்துக்காட்டே உண்டு. பீங்கான் தொழிற்கலையை இத்தாலியர் 'செராமிகா' என்பர். செ - ரா - மி - கா என்னும் நான்கனுள் 'ரா' அழுத்தம் பெறும். மற்றிரண்டும் அதிலிருந்து வழுக்கி இறங்கும். சுடுமண்ணைக் குறிக்கும் 'தெர்ரகோத்தா' என்பதில் 'கோத்' அழுத்தம் பெறும். அது சமநிலச் சொல். பீங்கானுக்கெனத் தனித் தொழிற்பேட்டையும் பயிலகமும் கண்ட இவ்வூரில் இவ்விரு சொற்களும் நாள்தோறும் புழங்குபவை. ஆனால் அவற்றின் அழுத்தம் கடல் கடக்கவில்லை. தமிழ் நாவில் செராமிகா இரண்டே யாப்பசைகள்: செரா நிரை, மிகா நிரை, ஆக, கருவிளம். பழமலையும் கருவிளம்.

எந்த அசையை அழுத்துவது என்பதை எழுத்தைப் பார்த்து அறிய முடியுமா எனின், முடியாது. கடைசி அசை அழுத்தம் பெறும்போது மட்டுமே இத்தாலியர் அதன்மேல் குறியிட்டு எழுதுவர். மற்றவற்றில் குறியில்லை. மிலானோ, நாபொலி என்னும் இரு நகரப் பெயர்களும் மூன்று மூன்று அசைகளை உடையன. முன்னதில் நடு அசை எழும். பின்னதில் முதலசை எழும். முனிவரின் சொந்த மாவட்டமான மாந்தொவாவும் நாபொலியைப் போன்றதே. 'அன்கோரா' என்று எழுதப்படும் சொல்லின் முதலசையை அழுத்தினால் நங்கூரம். நடு அசையை அழுத்தினால் 'இன்னும்'. 'கபிதோ' என்றொரு சொல் உண்டு. அதன் பகர தகரங்களை வல்லொலியாகவே கொள்க. முதலசை எழுந்தால் 'நேர்ந்து வருகிறேன்'. நடு அசை எழுந்தால் 'விளங்கியது'. ஈற்றசை எழுந்தால் 'நிகழ்ந்தது'. ஒரே எழுத்துக் கோவையில் மூன்று பொருள்கள். ஈற்றசைக்கு மட்டும் குறி உண்டு. மற்ற இரண்டையும் சூழலாலும் பழக்கத்தாலும் அறிதல் வேண்டும்.

தமிழில் இவ்வாறு இல்லையா என்று கேட்கலாம். முழுதும் இல்லை என்று சொல்வதற்கில்லை. எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் ஓசை வேறுபாடுகளை நன்னூல் குறிக்கிறது. ஒரே சொல் எடுத்தலோசையால் வினையாகவும் படுத்தலோசையால் பெயராகவும் நிற்கும் என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் பல இடங்களில் விளக்குவர். 'உண்டான்' என்பது முற்றா, வினையாலணையும் பெயரா என்பதை ஓசையே காட்டும் என்பது அவர்தம் கருத்து. கபிதோவின் மூன்று வடிவங்களைக் கேட்ட செவிக்கு இவ்வுரைக் குறிப்புகள் புதிய சுவை தரும். ஆனால் தமிழில் இவ்வோசை யாப்பைத் தொடவில்லை. எடுத்துச் சொன்னாலும் படுத்துச் சொன்னாலும் 'உண்டான்' தேமாவே.

இனி, அழுத்தம் இத்தாலிய உயிருக்குச் செய்யும் வேலையைப் பார்த்தல் வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஈறல்லாத இடத்தில், ஒற்றால் அடைபடாத அசையில் அழுத்தம் வீழ்ந்தால் அவ்வுயிர் தானே நீளும். ஒற்றால் அடைபட்ட அசையில் வீழ்ந்தால் குறுகியே நிற்கும். 'பாலா' என்றால் மண்வாரி. 'பல்லா' என்றால் பந்து. 'நோனோ' என்றால் ஒன்பதாவது. 'நொன்னோ' என்றால் பாட்டன். நெடில் வந்தால் ஒற்று இரட்டாது. ஒற்று இரட்டினால் நெடில் வாராது. நீளம் அங்கே தனி உரிமை உடையதன்று, அழுத்தத்தின் நிழல்.

தமிழில் படி, பாடி, பட்டி, பாட்டி என நான்கும் உண்டு. இந்நான்கனுள் பாடிக்கும் பட்டிக்கும் இத்தாலியச் செவியில் இடம் உண்டு. பாட்டிக்கு இடம் இல்லை; ஆயினும் நாவைச் சற்று வருத்திப் பெறலாம். 'படி'தான் பெருந்துன்பம். அதன் முதலெழுத்தை இத்தாலியர் அழுத்தினால் அது நீண்டு 'பாடி' ஆகிவிடும். அழுத்தாவிட்டால் அழுத்தம் பின்னெழுத்துக்குப் போகும். அழுத்தமும் இன்றி நீளமும் இன்றி இரு குறில்கள் ஒருங்கே ஓடுவது அவர்கள் நாவுக்குப் பழக்கமில்லை.

தமிழ் யாப்பு தன் கடைக்காலை இட்டிருப்பது அந்தப் 'படி'யின் மேல்தான். பாடி, பட்டி, பாட்டி மூன்றும் நேர் நேர், மூன்றும் தேமா, யாப்பு அவற்றை வேறுபடுத்துவதில்லை. படி ஒன்று மட்டும் தனித்து நின்று நிரையாகிறது. மொழியியலார் அசை என்று சொல்வதும் யாப்பிலக்கணத்தார் அசை என்று சொல்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே சான்று. 'படி'யில் ஒலியசை இரண்டு, யாப்பசை ஒன்று. குறில் ஒன்று தனித்து நில்லாமல் அடுத்ததைப் பற்றிக்கொண்டு ஒரே தாவலில் போவதே நிரை. இத்தாலியச் செவி படியைப் பாடியாகக் கேட்குமாயின் நிரை நேர்நேராகும், விளம் காயாகும், தளை எல்லாம் சிதறும்.

இங்கே ஒரு பழைய ஐயத்தை எடுத்துக்கொள்ளலாம். முனிவர்க்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர். கூளப்பநாயக்கன் காதல் பாடியவர். தேம்பாவணியை உண்மையில் பாடியவர் அவரே என்றொரு பேச்சு நெடுநாளாக உண்டு. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 விருத்தங்கள். நாலடி விருத்தமாகக் கணக்கிட்டால் 14,460 அடிகள். தாந்தேயின் பெருங்காப்பியம் 14,233 அடிகள் கொண்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பது ஒரு வேடிக்கையான ஒப்புமை, அதற்குமேல் ஒன்றுமில்லை. முப்பது வயதில் வந்த ஓர் அயலார், வந்து பதினைந்தே ஆண்டுகளில், 1726இல், இத்தனை விருத்தங்களைத் தளை பிசகாமல் முடித்திருக்க முடியுமா? 'படி'யைப் பாடியாகக் கேட்கும் செவி அதனைச் செய்யுமா? ஐயம் எழுப்புவோரைப் பகைக்க வேண்டுவதில்லை. கேள்வி நேர்மையானதே.

விடை, தமிழ் அசை இருக்கும் இடத்தில் இருக்கிறது. இத்தாலிய அழுத்தம் செவியில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. தமிழ் அசை எழுத்தில் இருக்கிறது. குறில் எது, நெடில் எது, ஒற்று எது என்று எழுத்தே காட்டிவிடும். அதனை அறிந்தவர், சொல்லின் பொருள் தெரியாமலேயே அலகிடலாம். இதனை விளையாட்டாக எந்தப் பாடலிலும் செய்து பார்க்கலாம். இத்தாலியர் ஒருவர் ஏட்டைப் பார்த்துத் தமிழ் யாப்பின் கணக்கைக் கற்க இயலும். தமிழர் ஒருவர் ஏட்டை மட்டும் பார்த்து இத்தாலிய யாப்பைக் கற்க இயலாது. நாபொலியில் எந்த அசை எழும் என்பதை யாரேனும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அவர்தம் தாய்மொழி குறில் நெடில் வேறுபாட்டை இழந்திருந்தாலும், அதன் தாயாகிய இலத்தீன் அதனை உடையது. இயேசு சபையாரின் கல்வித் திட்டம் 1599இல் வகுக்கப்பட்டது. இலத்தீனச் செய்யுள் இயற்றும் பயிற்சி அதில் அடங்கும். ஆகவே, தன் நாவில் இல்லாத குறில் நெடிலைக் கணக்கிட்டுச் செய்யுள் செய்யும் பழக்கம் இளமையிலேயே அவருக்கு வாய்த்திருக்கும். இலத்தீன் அவருக்கு வழி காட்டியது போலவே வழி தவறவும் செய்திருக்கக்கூடும். இலத்தீனத்தார் ஒரு நெட்டசைக்கு இரு குற்றசைகளை ஈடாக வைப்பர். தமிழர் நேரையும் நிரையையும் ஒன்றற்கொன்று ஈடாக வைப்பதில்லை. இலத்தீனில் 'க' குற்றசை, 'கா' நெட்டசை. தமிழில் தனித்து நிற்கும் 'க' முதல் 'கால்' வரை அனைத்தும் நேரே. இந்த நுட்பங்களையெல்லாம் கடந்து, 1730இல் தொன்னூல் விளக்கத்தில் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தனுக்கும் தாமே நூற்பா யாத்து உரையும் வரைந்தார். யாப்புக்கு நூற்பா வகுக்கத் தெரிந்தவர்க்கு யாப்பு தெரியாது என்று வாதிடுதல் அரிது.

இதனால் கவிராயரின் கைபடவே இல்லை என்று நிறுவியதாகாது. விருத்தத்தின் ஓசை கணக்கில் மட்டும் பிறப்பதன்று. தன, தான, தத்த, தந்த என்னும் சந்தக் குழிப்புகள் படியையும் பாடியையும் பட்டியையும் பந்தியையும் வேறு வேறாகவே கேட்பவை. யாப்பு ஒன்றாகப் பார்ப்பதைச் சந்தம் பிரித்துக் கேட்கும். விருத்தாசலத்தையும் பாடிய அருணகிரிநாதரின் வழியில் வந்த அந்நுட்பத்தை ஒருவர் வாயால் சொல்ல, மற்றொருவர் செவியால் கேட்டே பெற்றிருக்க வேண்டும். அந்த வாய் கவிராயருடையதாக இருந்திருக்கலாம். ஆசிரியர் என்னும் சொல்லுக்குப் பொருளும் அதுதான். தள்ள வேண்டியது செவி பற்றிய தடை ஒன்றையே.

அசை எழுத்தில் இருக்கிறது என்று சொல்லப்பட்டது. முனிவர் காலத்தில் அக்கூற்றுக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எகரமும் ஒகரமும் மட்டும் குறிலா நெடிலா என்பதை எழுத்துக் காட்டவில்லை. தொல்காப்பியம் முதலாகக் குறிலுக்குப் புள்ளியிடுதல் முறை. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் பெரும்பாலும் அதனை விட்டுவிட்டனர். பெறு, பேறு இரண்டும் ஒரே கொம்பு. கெடு, கேடு, செறு, சேறு, கொடு, கோடு. இவற்றை இன்று அலகிட்டுப் பார்க்க: 'பெறு' நிரை; 'பேறு' நேர் நேர். ஒரு கொம்பு தெளிவின்றிப் போனால் ஓர் அசை இரண்டாகும். தமிழ்ப் புலவர் இதனால் இடர்ப்படவில்லை. அவர்க்குப் பாடல் ஏற்கெனவே செவியில் இருந்தது. பொருளையும் தளையையும் கொண்டு எழுத்தைத் திருத்திப் படித்துக்கொண்டார். யாப்பு எழுத்தைக் காத்தது. ஏட்டின் வழியே மொழிக்குள் நுழைந்த முனிவர்க்கு அந்த வசதி இல்லை. எழுத்து யாப்பைக் காட்டியாக வேண்டியிருந்தது. குறையைக் கண்டவர் உள்ளே இருந்தவர் அல்லர், வாயிலில் நின்றவர் என்பதில் வியப்பில்லை. நெடிலுக்குச் சுழித்த கொம்பை அமைத்தார்; ஏகாரத்துக்குக் காலும் ஓகாரத்துக்குச் சுழியும் அமைத்தார். அச்சு அதனை ஏற்றது. இன்று தமிழ்க் குழந்தைகள் அனைவரும் அவர் போட்ட கொம்பையே எழுதுகின்றனர்.

இதில் ஒரு பழைய இத்தாலியக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தாலியத்திலும் எகர ஒகரங்கள் இவ்விரண்டு. அங்கே வேறுபாடு நீளத்தால் அன்று, வாய் திறப்பதால். 'பெஸ்கா' என்பதை வாய் திறந்து சொன்னால் ஒரு பழம். குவித்துச் சொன்னால் மீன்பிடித்தல். எழுத்து ஒன்றே. ஜான் ஜோர்ஜோ திரிஸ்ஸினோ என்னும் புலவர் 1524இல் இவற்றை வேறுபடுத்தக் கிரேக்க எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். அவருடைய நாடு அதனை ஏற்கவில்லை, இன்றுவரை ஏற்கவில்லை. அவரை முனிவர் படித்திருந்தாரா என்பது வேறு செய்தி. ஓர் இத்தாலியர் எகர ஒகரங்களுக்குப் புது வடிவம் கேட்டுத் தம் மொழியில் தோற்றார். இன்னோர் இத்தாலியர் தமிழில் வென்றார். தமிழர் புதுமையை ஏலார் என்று சொல்வோர் இதனை எண்ணுதல் நன்று.

செய்யுள் அடிக்கு வருவோம். தாந்தே முதல் தாஸ்ஸோ வரை இத்தாலியப் பெருங்கவிகளின் அடி பதினோரசை அடி. ஒலியசைகளை எண்ணுவர், பத்தாம் அசையில் அழுத்தம் தவறாமல் வீழ வேண்டும். கடைச்சொல் சமநிலச் சொல்லானால் மொத்தம் பதினொன்று. வெட்டுண்ட சொல்லானால் எண்ணிப் பார்க்கப் பத்தே இருக்கும். வழுக்குச் சொல்லானால் பன்னிரண்டு இருக்கும். மூன்றையும் பதினொன்று என்றே கொள்வர். கடைசி அழுத்தத்துக்குப் பின் தொங்குவது அடியின் எடையில் சேராது. தமிழ்க் கவிஞர்க்கு இது விளங்காத புதிரன்று. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என முடியும். 'காசு' என்பது 'நாள்' என்பதன்மேல் ஓர் உகர வால்; 'பிறப்பு' என்பது 'மலர்' என்பதன்மேல் ஓர் உகர வால். அவ்வாலைத் தனி அசையாகப் பெருக்காமல் விடுகிறது தமிழ் மரபு. உலகின் இரு மூலைகளில் இருவர், பாட்டின் கடைசித் துடிப்புக்குப் பின் வருவதை எண்ண மறுத்திருக்கின்றனர்.

உயிர் உயிரைச் சந்திக்கும் இடத்தில் மட்டும் வழி பிரிகிறது. சொல்லின் ஈற்றுயிரும் வருசொல்லின் முதலுயிரும் இத்தாலியச் செய்யுளில் ஓரசையாகக் கலந்துவிடும். தமிழ் யகர வகர உடம்படுமெய்களை இடையிட்டு இரண்டையும் காக்கும். குற்றியலுகரம் இதற்கு விதிவிலக்கு: நாடு, அது சேர்ந்து நாடது ஆகும். இத்தாலியர் நண்பனைக் குறிக்க 'லோ அமிகோ' என்னாமல் 'லமிகோ' என்பதும் இதுவே.

இப்பகுதியை ஏட்டறிவாக மட்டும் கொள்ளாமல் பயன் கருதியும் காணலாம். இத்தாலியக் கவிதையைத் தமிழில் தர முனைவோர் எந்த அடியை எடுப்பது என்று மயங்குவதுண்டு. எழுத்தெண்ணும் யாப்புத் தமிழில் இல்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். கட்டளைக் கலித்துறை இருக்கிறதே! ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கினால் பதினாறு, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. அந்தாதியும் கோவையும் பாடிய கைகள் அனைத்தும் அக்கணக்கை அறியும். அதற்கும் முற்பட்டுத் தொல்காப்பியச் செய்யுளியல் அடிகளையே எழுத்தெண்ணி வகுத்தது: நான்கு முதல் ஆறு குறளடி, ஏழு முதல் ஒன்பது சிந்தடி, பத்து முதல் பதினான்கு நேரடி, பதினைந்து முதல் பதினேழு நெடிலடி, பதினெட்டு முதல் இருபது கழிநெடிலடி. பதினோரசை அடி தொல்காப்பியர் கணக்கில் நேரடி ஆகும். அகவலின் நாற்சீரடி அதற்கு இயல்பான வீடு. கலித்துறையில் பெயர்த்தால் ஐந்தாறு எழுத்துகளை அடைமொழி கொண்டு நிரப்ப நேரும். மூலத்தின் விரைவு போய்விடும். மொழிபெயர்ப்பாளர் பலர் சரியும் இடம் இது.

முனிவர் இப்பெயர்ப்பு வேலையை எதிர்த்திசையில் செய்தார். வேற்று மொழிப் பெயர்களை அவர் ஒலி பெயர்க்கவில்லை, பொருள் பெயர்த்தார். காப்பியத் தலைவர் சூசையை 'வளன்' ஆக்கினார். யோவானைக் 'கருணையன்' ஆக்கினார். தனித்தமிழ்ப் பற்றால் செய்தார் என்று பாராட்டுவது வழக்கம். ஓசைக் காரணமும் சேர்ந்திருக்கலாம் என்பது எண்ணத்தக்கது. ஜுசேப்பே என்பதன் உயிர் அதன் அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தம் எடுபடாத யாப்பில் அப்பெயர் வெறும் கூடு. எதுகைக்கும் மோனைக்கும் அது உதவாது. வளன் ஒரு நிரையசை. எச்சீரிலும் புகும், எதுகைக்கு வளமாய் நிற்கும். தம் பெயரில் பாதியாகிய ஜுசேப்பேயும் சூசைதான் என்பதை அவர் மறந்திருக்க முடியாது. தம் பெயரையே ஓசையில் இழந்து பொருளில் மீட்டார். அவர்க்கு வழங்கிய தைரியநாதர் என்பதும் அவ்வழியே: கோஸ்தான்சோ என்றால் உறுதியுடையவன்.

வீரமாமுனிவர் என்னும் பெயரையும் அலகிட்டுப் பார்க்கலாம். பொருளால் பிரித்தால் வீர, மா, முனிவர். யாப்பால் பிரித்தால் வீ - ரமா - முனி - வர். ரகரக் குறில் தன் சொல்லை விட்டு நீங்கி 'மா'வைப் பற்றிக்கொண்டு நிரையாகிவிடுகிறது. சொல்லெல்லையை மதியாத இந்த நிரையைத்தான் அவர் செவி முதலில் கற்றிருக்க வேண்டும்.

கடைசியாக, கோணான்குப்பத்தின் பெயர். பெரி - யநா - யகி: நிரை நிரை நிரை, கருவிளங்கனி. இத்தாலிய நாவுக்கு மிகக் கடினமான அசை மூன்று முறை அடுக்கி வந்த பெயரையே முனிவர் தம் அன்னைக்குத் தேர்ந்தார். அப்பெயரும் விருத்தாசலத்தைப் போலவே ஒரு சீராக வெண்பாவில் நுழையாது. பெரிய, நாயகி என்று இரு சீராக்கினால் மாமுன் நேர் வந்து தளை தட்டும். குகை நமசிவாயரின் மாணவர் குரு நமசிவாயர் தில்லைக்குச் செல்லும் வழியில் இவ்வூரில் தங்கி, பசி மிகுந்து, பெரியநாயகி அம்மையிடம் வெண்பாவால் சோறு வேண்டினார் என்பதும், கிழத்தி என்று பாடியதால் அம்மை முதியவளாய் வந்தாள் என்பதும் ஊரறிந்த கதை. பசியிலும் அவர் தளை தப்பவில்லை. முன்சொல்லிலிருந்து ஒரு நேரசையைக் கடன் வாங்கிப் 'பெரிய' என்பதன் தலையில் வைத்துக் கூவிளங்காய் ஆக்கினார். காய்முன் நேராக 'நாயகி' வந்து அமர்ந்தது. அம்மையை வெண்பாவில் பாட எண்ணும் இளங்கவிஞர்க்கு அவ்வழி இன்றும் திறந்தே இருக்கிறது.